ஒரே வி8, இரண்டு பட்டறைகள்: மார்கன் பிளஸ் 8, டிவிஆர் சிமேரா

பழைய பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் கார் தேடுபவர்கள் கடைசியில் வந்து நிற்பது பெரும்பாலும் இந்த இரண்டில்தான். பானட்டுக்குள் இரண்டிலும் ரோவரின் அலுமினிய வி8 (வி வடிவில் எட்டு சிலிண்டர்). பியூக் வடிவமைத்து, ரோவர் உரிமை வாங்கிய எஞ்சின் அது. எனவே எது வேகம் என்பதைவிட எது எங்கே கெடும் என்று பார்ப்பதே உருப்படியான வேலை.

எஞ்சினின் நோய் இருவருக்கும் பொது: ஆயில் மாற்றுவதைத் தள்ளிப்போட்டால் கேம்ஷாஃப்ட் (வால்வுகளைத் திறக்கும் தண்டு) தேயும். டிக்டிக் சத்தம் வரும், இழுவை குறையும். கேமை மட்டும் மாற்றுவது வீண்செலவு. கேமின் அசைவை வால்வுக்குக் கடத்தும் 16 டேப்பெட்டுகளையும் டைமிங் செயினையும் சேர்த்தே மாற்ற வேண்டும். முதல் ஸ்டார்ட்டில் ஐடிலில் விடாமல் 2000–2500 ஆர்பிஎம்மில் 20 நிமிடம் ஓடவிட வேண்டும். இதைச் செய்யாத புதுக் கேம் சீக்கிரமே தேய்ந்துவிடும்.

பிளஸ் 8 (1968–2004) மால்வெர்னில் கட்டப்பட்டது. ஸ்டீல் சேசிஸ், அதன்மேல் ஆஷ் மரச் சட்டம், அதற்கு மேல் தகடு. மரம் முதலில் உளுப்பது வாசற்படிக்கட்டையிலும் கதவுத் தூணிலும். கதவைத் திறந்து நுனியைத் தூக்கிப் பாருங்கள்: கீல் மட்டும் ஆடினால் பின்னை மாற்றினால் போதும், தூணே ஆடினால் தகட்டைக் கழற்றி மரவேலை செய்ய வேண்டும். முன் சஸ்பென்ஷன், மார்கன் மூன்று சக்கர வண்டி செய்த காலத்து ஸ்லைடிங் பில்லர்: சக்கரத் தாங்கி ஒரு தூணில் மேலும் கீழும் சறுக்கும். ஜாக்கியில் தூக்கி, சக்கரத்தை மேலும் கீழும் பிடித்து ஆட்டினால் அந்தத் தூணின் (கிங்பின்) புஷ் தேய்ந்திருப்பது கையிலேயே தெரியும். கிரீஸ் அடிக்கச் சோம்பல்பட்டதன் விளைவு அது. பின்னால் லீஃப் ஸ்பிரிங். மோசமான ரோட்டில் முதுகுதான் ஷாக் அப்சார்பர்.

பிளாக்பூலில் பிறந்த சிமேரா (1992–2003) ஓட்டத்தில் எவ்வளவோ மேல். நான்கு சக்கரத்துக்கும் டபுள் விஷ்போன் சஸ்பென்ஷன் (சக்கரத்தை மேலும் கீழும் இரு கைகள் பிடிக்கும் அமைப்பு), தாராளமான டிக்கி. ஃபைபர்கிளாஸ் பாடி துருப்பிடிக்காது என்று நம்பித்தான் பலர் ஏமாறுகிறார்கள். துரு கீழே இருக்கிறது. சேசிஸிலிருந்து பக்கவாட்டில் நீளும் அவுட்ரிக்கர் குழாய்களின் பவுடர் கோட்டிங் விரிசல் விட்டதும் தண்ணீர் உள்ளே புகுந்து, அந்தப் பூச்சுக்கடியிலேயே தங்கிவிடும். மேல்புறத்தைப் பாடி மூடியிருப்பதால் கீழிருந்து பார்த்தால் சேசிஸ் பளிச்சென்று இருக்கும். முறையாகச் சரிசெய்யப் பாடியைத் தூக்கியாக வேண்டும், பில் எகிறுவது அங்கேதான். பாடி தூக்கிய ஃபோட்டோக்கள் இல்லாத 'முழு ரீஸ்டோரேஷன்' பேச்சை நம்ப வேண்டாம்.

மார்கனின் கோளாறு முன்கூட்டியே சத்தம் போடும், கொஞ்சம் கொஞ்சமாகச் சரிசெய்யலாம். டிவிஆருடையது மறைந்திருந்து மொத்தமாக வரும். வைத்துக்கொள்ள மார்கன், ஓட்டி ரசிக்க சிமேரா என்பதே எங்கள் கணிப்பு.

நிறுவனங்களின் கதையும் எஞ்சினில்தான் பிரிந்தது. மார்கன் எப்போதும் எஞ்சினை வெளியில்தான் வாங்கியது. பீட்டர் வீலர் உரிமையாளராக இருந்த காலத்து டிவிஆரோ சொந்தமாகவே செய்ய இறங்கி, 1996-இல் செர்பெரா காரில் ஏஜேபி8 என்ற வி8, அடுத்து ஸ்பீடு சிக்ஸ் என்ற ஆறு சிலிண்டர் எஞ்சின் என்று போனது. ஸ்பீடு சிக்ஸின் ஆரம்ப எஞ்சின்களில் ஃபிங்கர் ஃபாலோயர்களும் (வால்வை அழுத்தும் சிறு நெம்புகள்) வால்வு கைடுகளும் தேய்ந்தன. 2004-இல் நிறுவனம் கைமாறியது, 2006-இல் பிளாக்பூலில் உற்பத்தி நின்றது. டிவிஆர்தான் வேண்டும் என்பவர்கள் ரோவர் எஞ்சின் வைத்ததையே தேடலாம். ஸ்பீடு சிக்ஸ் மீதே ஆசை என்றால் ஹெட் ரீபில்டு செய்த பில்லைக் கேளுங்கள். பில் இல்லையென்றால் அந்தச் செலவை விலையில் கழித்துப் பேசுங்கள்.