டிரான்ஸ்பார்மர் இல்லாத எல்இடி ஸ்ட்ரிப் லைட்டைக் கை எட்டும் இடத்தில் போட விடாதீர்கள்

கோயம்புத்தூரில் எங்கள் வீட்டு ஹாலின் ஃபால்ஸ் சீலிங்கிலும், சமையலறை மேல் அலமாரிகளின் அடியிலும் எல்இடி ஸ்ட்ரிப் லைட் பொருத்தும் வேலையை ஓர் உள் அலங்கார ஒப்பந்ததாரரிடம் கொடுத்திருந்தோம். அவர் தந்த எஸ்டிமேட்டில் "12 வோல்ட் ஸ்ட்ரிப், டிரைவருடன்" என்று தெளிவாக எழுதியிருந்ததோடு, டிரைவருக்கென்று (வீட்டு மின்சாரத்தை 12 வோல்ட்டாகக் குறைத்துத் தரும் டிரான்ஸ்பார்மர் பெட்டி) தனி விலையும் போடப்பட்டிருந்தது. ஆனால் பொருத்தப்பட்டதோ, டிரான்ஸ்பார்மரே இல்லாமல் நேரடியாக 230 வோல்ட்டில் எரியும் ஸ்ட்ரிப். வீட்டு வேலை நடந்துகொண்டிருக்கும் யாரும் இப்படி ஏமாறக் கூடாது என்பதால் விவரமாக எழுதுகிறேன்.

அம்மா ஈரத்துணியால் அலமாரியின் அடிப்பக்கத்தைத் துடைத்தபோது ஷாக் அடித்துக் கையை உதறினார். நல்லவேளையாக வேறு விபரீதம் எதுவும் நடக்கவில்லை. மெயினை அணைத்துவிட்டுப் பார்த்தபோது, சிங்குக்கு மேலே ஸ்ட்ரிப் முடியும் இடத்தில் மூடியே போடாமல், வெறும் இன்சுலேஷன் டேப்பைச் சுற்றி விட்டிருந்தது தெரிந்தது. குக்கர் ஆவியில் பசை இளகி டேப் பிரிந்திருந்தது. வெட்டிய முனையில் இரண்டு செம்புக் கம்பிகள் பளிச்சென்று வெளியே தெரிந்தன. ஸ்ட்ரிப்பின் இரு ஓரங்களிலும் முழு நீளத்துக்கும் ஓடும் அந்தக் கம்பிகளில்தான் வீட்டு மின்சாரம் முழு அழுத்தத்தோடு பாய்கிறது.

ஒப்பந்ததாரரைக் கூப்பிட்டுக் கேட்டபோது, பிளக் வயரின் நடுவில் இருந்த தீப்பெட்டி அளவுள்ள ஒரு கட்டியைக் காட்டி, "இதுதான் சார் டிரைவர்" என்றார். அது டிரைவர் அல்ல. அதற்குள் இருப்பது மாறுதிசை மின்சாரத்தை ஒருதிசைப்படுத்தும் நான்கு டயோடுகள் மட்டுமே. அது அழுத்தத்தைக் குறைப்பதும் இல்லை, மெயின் லைனிலிருந்து ஸ்ட்ரிப்பைப் பிரித்து வைப்பதும் இல்லை. 230 வோல்ட் மின்சாரத்தின் உச்ச அழுத்தம் ஏறத்தாழ 325 வோல்ட். அது அப்படியே ஸ்ட்ரிப்புக்குள் போகிறது. மின்கசிவு ஏற்பட்டால் இணைப்பைத் துண்டிக்கும் ஆர்சிசிபி இருக்கிறதே என்ற தைரியமும் இங்கே போதாது. பல வீடுகளில் உள்ள, மாறுதிசை மின்கசிவுக்கு மட்டுமே உருவாக்கப்பட்ட ஏசி வகை ஆர்சிசிபி, டயோடு வழியாகத் துடித்து வரும் இத்தகைய கசிவை உணர்ந்து துண்டிக்கும் என்பதற்கு உறுதியில்லை. அதற்காக உருவாக்கப்பட்டது ஏ வகைதான்.

ஹாலில் இருந்த கோளாறு வேறு விதமானது. இந்த ஸ்ட்ரிப்பைப் பொதுவாக ஒரு மீட்டருக்கோ அரை மீட்டருக்கோ ஒரு முறை குறியிட்ட இடத்தில்தான் வெட்ட முடியும். இடையில் வெட்டினால் அந்தத் துண்டு எரியாது. அதனால் மிஞ்சிய நீளத்தை வெட்டாமல், சீலிங்கின் மூலையில் சுருட்டித் திணித்திருந்தார்கள். சுருட்டிய நிலையில் எரியவிட்டால் சூடு வெளியேற வழியில்லை. எடுத்துப் பார்த்தபோது, மேலுறை பழுப்பேறி ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டிருந்தது. ஓடும் மின்விசிறியின் இறக்கைகள் விட்டு விட்டுத் தெரிந்ததற்கும் இதே ஸ்ட்ரிப்தான் காரணம்: நொடிக்கு 100 முறை வெளிச்சம் ஏறி இறங்குகிறது. செல்போன் கேமராவைக் காட்டினால் கறுப்புப் பட்டைகளாக ஓடுவதைக் காணலாம்.

இந்த வகை ஸ்ட்ரிப்பே கூடாது என்று நான் சொல்லவில்லை. 12 வோல்ட் ஸ்ட்ரிப் ஐந்து மீட்டரைத் தாண்டினால் கடைசியில் மங்கும். நேரடி ஸ்ட்ரிப்பை ஒரே முனையிலிருந்து நீளமாகக் கொண்டுபோகலாம். கட்டடத்தின் வெளி முகப்பில், யாருடைய கையும் எட்டாத உயரத்தில், உறையும் முனை மூடியும் சரியாக இருந்தால் அதற்கு ஓர் இடம் உண்டு. சமையலறையிலும், குழந்தைகள் தொடும் ஷோகேஸிலும், கட்டிலின் தலைமாட்டிலும் அதற்கு இடமே இல்லை.

பணம் கொடுப்பதற்கு முன் நீங்களே பார்த்துத் தெரிந்துகொள்ளலாம். 12 வோல்ட் ஸ்ட்ரிப் மெல்லியதாக, பின்புறம் ஒட்டும் டேப்புடன் இருக்கும். அதன் மேலேயே 12 வோல்ட் என்று அச்சிட்டிருக்கும். மீட்டருக்கு 60 பல்புகள் உள்ளதில் மூன்று பல்புகளுக்கு ஒரு வெட்டுக்குறி, அதாவது 5 சென்டிமீட்டருக்கு ஒன்று, வரும். நேரடி ஸ்ட்ரிப் தடித்த பிளாஸ்டிக் உறைக்குள் இருக்கும். டிரைவரின் லேபிளில் வெளியீடு 12 அல்லது 24 வோல்ட் டிசி என்றும், எத்தனை ஆம்பியர் என்றும் குறிப்பிட்டிருக்க வேண்டும். பிஐஎஸ் (இந்தியத் தர நிர்ணய அமைப்பு) பதிவு எண்ணும் இருக்க வேண்டும். மீட்டருக்கு 14.4 வாட் இழுக்கும் ஸ்ட்ரிப் ஐந்து மீட்டர் என்றால் 72 வாட் ஆகிறது. அதற்கு 100 வாட் டிரைவர் கேளுங்கள். அதைச் சீலிங்குக்குள் வைத்து மூடிவிடாமல், காற்றோட்டமாகவும் பிறகு கழற்றக்கூடிய இடத்திலும் வைக்கச் சொல்லுங்கள்.

எங்கள் ஒப்பந்ததாரர் டிரைவருக்கு வாங்கிய பணத்தைத் திருப்பித் தர மறுத்துவிட்டார். தேசிய நுகர்வோர் உதவி எண்ணான 1915-இல் புகாரைப் பதிவு செய்திருக்கிறோம். அங்கே தீராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போவோம். கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய் வரை இருந்தால் அங்கே கட்டணம் கிடையாது. எஸ்டிமேட், பில், கழற்றிய ஸ்ட்ரிப், பொருத்தியிருந்த நிலையில் எடுத்த படங்கள் ஆகிய எதையும் தூக்கிப் போடாதீர்கள்; புகாருக்கு அவை தேவைப்படும்.