‘கேடட் பயிற்சி ரைபிள்’ என்ற பெயரில் விற்கப்படும் டி.பி. துப்பாக்கிகள்: வாங்கும் முன் படியுங்கள்

பழைய ராணுவப் பயிற்சி ரைபிள்களைச் சேகரிப்பவர்களும், கேடட்டாக இருந்த காலத்து நினைவுக்காக ஒன்றே ஒன்றையாவது வாங்கிவைக்க நினைப்பவர்களும் இதைப் படிக்க வேண்டும். லீ-என்ஃபீல்ட் நம்பர் 2 மார்க் 4 என்று சொல்லி எனக்கு ஒரு .22 ரைபிள் (0.22 அங்குல அளவுள்ள சிறு தோட்டாவைச் சுடுவது) விற்கப்பட்டது. அது அந்த ரைபிளே அல்ல. அணிவகுப்புப் பயிற்சிக்கு மட்டும் என்று ராணுவமே டி.பி. முத்திரை குத்தி ஒதுக்கிவைத்த ஒரு துப்பாக்கியின் உடலில், எங்கிருந்தோ கொண்டுவந்த .22 குழலைப் பொருத்தி, புதிதாக முத்திரை குத்தி விற்றிருக்கிறார்கள். ஏமாற்றுக்காரர் எடுத்துக்கொண்டது என் பணத்தை மட்டுமல்ல. அதைத் தோளில் வைத்துச் சுட்டிருந்தால் என் கண் போயிருக்கும்.

நம்பர் 2 ஏன் இவ்வளவு தேடப்படுகிறது என்பது தெரிந்தால்தான் மோசடி எங்கே நுழைகிறது என்பதும் புரியும். முதல் உலகப் போரில் பிரிட்டிஷ் படைகள் ஏந்திய எஸ்.எம்.எல்.இ. (ஷார்ட் மேகசின் லீ-என்ஃபீல்ட்) ரைபிளை .22 ரிம்ஃபயர் தோட்டாவுக்கு மாற்றியமைத்ததே இது. 1926-இல் பெயரிடும் முறை மாறியபோது .303 ரைபிள் நம்பர் 1 ஆனது, அதன் .22 வடிவம் நம்பர் 2 ஆனது. எடை, போல்ட் (தோட்டாவைப் பின்னாலிருந்து பூட்டும் உலோகத் தண்டு), குறிபார்க்கும் உறுப்புகள் எல்லாம் பெரிய ரைபிளுடையவை. தோட்டா மட்டும் மலிவானது, உதைப்பு இல்லாதது, 25 கஜ உள்ளரங்கச் சுடுதளத்துக்குப் போதுமானது. மேகசின் எனப்படும் தோட்டாப் பெட்டியின் உள்ளே இருக்கும் ஸ்பிரிங்கை எடுத்துவிட்டு, காலி உறைகள் விழும் பெட்டியாக அதைப் பயன்படுத்தினார்கள். ஒவ்வொரு தோட்டாவையும் கையால்தான் இட வேண்டும். அவசரப்பட முடியாது. அதனாலேயே அது நல்ல ஆசான்.

கேடட்டாக இதில் பழகியவர்களுக்கு அந்த ட்ரிகர் மறக்காது. முதலில் ஒரு மெல்லிய இழுப்பு, பிறகு விரல் ஓரிடத்தில் தடுத்து நிற்கும். அங்கே மூச்சைப் பாதி விட்டு நிறுத்தி, முன்குறியின் நுனியைக் கறுப்பு வட்டத்தின் அடியில் உட்காரவைத்து, இரண்டாவது அழுத்தம். ஐந்து தோட்டாக்கள் முடிந்து அட்டையை எடுத்துவந்த பிறகு, குரூப்பிங்கை, அதாவது குண்டுகள் எவ்வளவு நெருங்கி விழுந்தன என்பதைப் பார்த்துப் பயிற்றுநர் முகத்தில் ஏதாவது தெரிகிறதா என்று காத்திருப்போம். வட்டத்தின் நடுவே விழாவிட்டாலும் ஐந்தும் நெருங்கி விழுந்திருந்தால் அவர் மனம் நிறைவார். குறியைத் திருத்திக்கொள்ளலாம், கை நிலைத்தால் போதும் என்பார். சுடுவதைப் பற்றி நான் கற்றதில் பெரும்பகுதி அந்தப் பாயில் குப்புறப் படுத்துக் கற்றதுதான்.

இந்த ஏக்கத்தைத்தான் விற்றவர் குறிவைத்தார். “பள்ளி கேடட் படையின் ஆயுத அறையில் இருந்தது, வெளியே போகாதது, எண்கள் எல்லாம் ஒத்துப்போகின்றன, குழல் கண்ணாடி மாதிரி இருக்கிறது” என்று எழுதியிருந்தார். நான் கேட்ட படங்களை அனுப்பினார். ரிசீவர் (போல்ட் ஓடும் உலோக உடல்), போல்ட் கைப்பிடியின் பின்புறம், முன்மூடி, பின்குறித் தகடு, எல்லாவற்றிலும் ஒரே எண். குழலுக்குள் வெளிச்சம் பாய்ச்சி எடுத்த படமும் இருந்தது. டி.பி. முத்திரை எங்காவது இருக்கிறதா என்று நேராகவே கேட்டேன். “எங்கும் இல்லை” என்று எழுத்தில் பதில் தந்தார். உரிமம் பெற்ற வணிகர் வழியாகவே கைமாற்றம் நடந்தது, காகிதங்களில் குறை இல்லை. காகிதம் ரைபிளின் எண்ணைத்தான் சொல்லும், ரைபிளின் கதையைச் சொல்லாது.

பெட்டியிலிருந்து எடுத்ததும் ட்ரிகர் காட்டிக்கொடுத்தது. முதல் இழுப்பு என்பதே இல்லை. பிறகு ஒவ்வொன்றாகத் தெரிந்தது. தோளில் பதியும் கட்டையின் கழுத்தை ஒட்டிய உலோக வளையத்தின் வலப்பக்கத்தில் கிரீடம், தொழிற்சாலை, ஆண்டு எல்லாம் நூறாண்டுத் தேய்மானத்தோடு மங்கியிருந்தன. ஆனால் .22 என்றும் நம்பர் 2 என்றும் சொல்லும் எழுத்துகள் மட்டும் கூர்மையாக நின்றன. விளிம்பில் உலோகம் மேடாக எழும்பியிருந்தது, விரல் நகத்தில் தட்டுப்பட்டது. தொழிற்சாலையில் குத்திய வரி இவ்வளவு கோணலாக இருப்பதை நான் பார்த்ததில்லை. இது ஒவ்வோர் எழுத்தாகக் கையால் அடித்தது. போல்ட் எண்ணுக்கு அடியில் பழைய எண்ணை அராவிய பள்ளம். படத்தில் இருந்த போல்ட்டில் அந்தப் பள்ளம் இல்லை. அவர் எனக்குக் காட்டியது வேறொரு ரைபிள். அதன் எண்ணை இதில் குத்தி அனுப்பியிருக்கிறார்.

அனுபவமுள்ள ஆயுதப் பழுதுநீக்குநர் ஒருவரிடம் கொண்டுபோனேன். மரத்தைக் கழற்றியதும் அவர் ஒன்றும் பேசாமல் குழலின் பின்முனையைக் காட்டினார். வெல்டிங் வைத்து நிரப்பி, அராவி, மேலே கறுப்பு ஏற்றியிருந்தார்கள். சாய்வான வெளிச்சத்தில் டி.பி. என்ற இரண்டு எழுத்துகளின் நிழல் தெரிந்தது. ரிசீவரிலும் அதே வேலை. தோள்கட்டையின் மரத்தில் அந்த எழுத்துகள் இருந்த இடத்தை வெட்டி வேறு துண்டு ஒட்டியிருந்தார்கள்.

டி.பி. என்றால் டிரில் பர்பஸ். தேய்ந்தோ, விரிசல் விட்டோ, அளவு தவறியோ போன ரைபிளை அணிவகுப்புக்கும் ஆயுதப் பழக்கத்துக்கும் ஒதுக்கும்போது அந்த முத்திரையைக் குத்துவார்கள். மரத்தில் வெள்ளைப் பட்டை பூசுவதும் உண்டு. எந்தக் குறையால் ஒதுக்கினார்கள் என்று முத்திரை சொல்வதில்லை. அதனால்தான் ஒரு டி.பி. துப்பாக்கியை மறுபடி சுடுவதற்குக் கொண்டுவரக்கூடாது. அந்த எழுத்துகளை அழிப்பது விலையை ஏற்றும் தந்திரம் மட்டுமல்ல, அடுத்தவரின் உயிர்மேல் விளையாடும் குற்றம். இதை நான் கோபத்தில் சொல்லவில்லை, யோசித்தே சொல்கிறேன்.

பணத்தைத் திருப்பிக் கேட்டபோது விற்றவர் சொன்ன சாக்கு இது: .22 தோட்டாவின் அழுத்தம் .303-இன் அழுத்தத்தில் ஏறக்குறைய பாதிதானே, பெரிய தோட்டாவுக்குச் செய்த உடல் இதைத் தாங்காதா? கேட்பவருக்கு நியாயமாகப் படும். ஆபத்து வேறிடத்தில் இருக்கிறது. ரிம்ஃபயர் தோட்டாவில் தீப்பற்றும் மருந்து உறையின் மெல்லிய விளிம்பு மடிப்புக்குள் இருக்கிறது. போல்ட் தலை அந்த விளிம்பைப் பின்னாலிருந்து இறுக்கமாகத் தாங்க வேண்டும். என் ரைபிளில் போல்ட் தலைக்கும் குழலுக்கும் நடுவே இருந்த இடைவெளி அளவுக்கு மிகவும் மிஞ்சியிருந்தது. தாங்கல் இல்லாத விளிம்பு வெடித்தால் சூடான வாயுவும் பித்தளைத் துணுக்கும் பின்னோக்கி, சுடுபவரின் முகத்தை நோக்கித்தான் வரும். இதை விளக்கி எழுதிய பிறகு “சேகரிப்புப் பொருள், உள்ளது உள்ளபடி விற்றது” என்று ஒரு வரி வந்தது. அதன்பின் பதிலே இல்லை. விளம்பரமும் மறைந்துவிட்டது.

குழலைப் பற்றியும் சொல்ல வேண்டும். நம்பர் 2 ரைபிள்கள் பலவற்றில் பழைய .303 குழலைத் துளைத்து உள்ளே .22 வரிக்குழாயை (குண்டைச் சுழலவைக்கும் வரிகள் வெட்டிய மெல்லிய குழாய்) செருகியிருப்பார்கள். பர்மிங்காமின் ஏ.ஜி. பார்க்கர் நிறுவனத்தின் பெயரால் அதைப் பார்க்கர் ரைஃப்லிங் என்பார்கள். முறையாகச் செய்தது என்றால் அது குறையே இல்லை, நன்றாகச் சுடும். எனக்கு வந்ததில் குழலின் நடுவே இருண்ட வளையம் ஒன்று தெரிந்தது. உள்ளே சிக்கிய குண்டின் பின்னால் இன்னொன்றைச் சுட்டதால் வந்த வீக்கம் அது. இறுக்கமான துணியைக் கம்பியில் சுற்றி மெதுவாகத் தள்ளினால், வீங்கிய இடத்தில் சட்டென்று தளர்வது கையில் தெரியும். குழலுக்குள் எடுத்த ஒரு படத்தை நம்பாதீர்கள். வெளிச்சத்தின் கோணத்தை மாற்றினால் அந்த வளையம் படத்தில் விழாது.

வேறு மாதிரிகளை வாங்குபவர்களுக்கும் சில சொற்கள். இரண்டாம் உலகப் போருக்குப் பின் வந்த நம்பர் 8 ஒற்றைத் தோட்டா ரைபிள். மேகசினோடு ஒன்றை ‘அசல் நம்பர் 8’ என்று யாராவது காட்டினால் விலகிவிடுங்கள். அதற்கு முந்தைய நம்பர் 7-க்குத்தான் ஐந்து தோட்டா மேகசின் உண்டு. ஆஸ்திரேலிய கேடட்டுகளுக்காக வாங்கப்பட்ட மார்ட்டினி ரைபிள்களில் கங்காரு முத்திரை இருக்கும். ஆனால் அவை .310 தோட்டாவுக்குச் செய்தவை, பின்னாளில் பலவற்றை .22-க்கும் வேறு அளவுகளுக்கும் மாற்றிவிட்டார்கள். கங்காருவைப் பார்த்து மயங்காமல், குழலின் பின்முனையில் தோட்டா உட்காரும் அறையை அளந்து பாருங்கள். எந்த .22 பயிற்சி ரைபிளானாலும் தோட்டா அறையின் விளிம்பை உருப்பெருக்கிக் கண்ணாடி வைத்துப் பார்க்க வேண்டும். தோட்டா இல்லாமல் ட்ரிகரைத் தட்டிப் பழகிய கேடட் தலைமுறைகளின் அடி அங்கேதான் விழுந்திருக்கும். அந்தக் குழி ஆழமாக இருந்தால் தோட்டா சரியாக உட்காராது.

படம் கேட்கும்போது அன்றைய தேதியைக் கையால் எழுதிய தாளை ரைபிளின் மேல் வைத்து எடுக்கச் சொல்லுங்கள். மரத்தைக் கழற்றிய பின் குழலின் பின்முனையையும், குழலின் வலிமையைச் சுட்டுப் பார்த்துச் சான்றளிக்கும் சோதனை நிலையத்தின் முத்திரைகளையும் காட்டச் சொல்லுங்கள். உண்மையான விற்பனையாளர் இதற்குச் சலித்துக்கொள்ள மாட்டார். எழுத்தில் தந்த ஒவ்வொரு பதிலையும் பத்திரப்படுத்துங்கள். என் புகாருக்கு இப்போது பலமாக நிற்பது “டி.பி. முத்திரை எங்கும் இல்லை” என்ற அந்த ஒற்றை வரிதான்.

புகார் கொடுத்திருக்கிறேன். பழுதுநீக்குநரின் எழுத்து அறிக்கையும் அதனோடு இருக்கிறது. அந்த ரைபிள் மறுபடி யார் கைக்கும் ‘அசல்’ என்று போகாது. அதன் ரிசீவரில் டி.பி. எழுத்துகளைத் திரும்பக் குத்தச் சொல்லிவிட்டேன். எனக்கு அனுப்பிய அதே படங்கள் வேறொரு விளம்பரத்தில் மீண்டும் தென்படுகின்றன என்று ஒரு நண்பர் தகவல் தந்திருக்கிறார். அண்மையில் இப்படி ஒரு நம்பர் 2 வாங்கியவர்கள், மரத்தைக் கழற்றிப் பார்க்கும் வரை அதில் ஒரு தோட்டாகூட இடாதீர்கள்.