ஆளுயர வில், கொம்பு வில், குறுக்குவில்: மூன்று நாட்டுப் போர்விற்கள் குறித்த ஓர் ஒப்பீடு

பண்டைய போர்க்கருவிகளில் வாளையும் ஈட்டியையும் விட்டுவிட்டு வில்லை மட்டும் இங்கு எடுத்துக்கொள்கிறேன். தொலைவிலிருந்தே பகைவனை வீழ்த்துவது என்ற ஒரே வேலைக்காக, இந்தியரும், பண்டைய ஈரானை ஆண்ட பார்த்தியரும், சீனரும் ஒன்றோடொன்று ஒட்டாத மூன்று வழிகளைத் தேர்ந்தெடுத்தனர் என்பதே அதற்குக் காரணம். எந்த வில் அதிக தூரம் எய்தது என்ற கேள்வியை வைத்துக்கொண்டு இவற்றைத் தரவரிசைப்படுத்துவோர் உண்டு. எனக்கு அந்த அளவுகோல் போதுமானதாகத் தோன்றவில்லை. ஒவ்வொரு வில்லும் தன்னை ஏந்தியவனிடமும், அவன் நின்ற நிலத்திடமும், வானிலையிடமும், பின்னால் இருந்த பட்டறையிடமும் என்னென்ன கேட்டது என்று பார்த்தால்தான் அவற்றின் உண்மையான வேறுபாடு தெரிகிறது.

இந்திய வில்லைப் பற்றி நமக்குக் கிடைக்கும் மிகத் தெளிவான காட்சி, அலெக்சாந்தரின் கடற்படைத் தலைவன் நியார்க்கசைப் பின்பற்றி கிரேக்க வரலாற்றாசிரியர் அர்ரியன் எழுதியது. வில் அதை ஏந்துபவனின் உயரம் இருக்கும். அதைத் தரையில் ஊன்றி, இடது காலால் அழுத்திக்கொண்டு, நாணை வெகுதூரம் பின்னுக்கு இழுத்து எய்வார்கள். அம்பு மூன்று முழத்துக்குச் சற்றே குறைவு. கேடயமோ மார்புக்கவசமோ அதைத் தடுக்காது என்கிறார் அவர். கி.மு. 480-இல் பாரசீகப் பேரரசர் செர்க்சசின் படையில் கிரேக்கத்துக்குச் சென்ற இந்தியர், பருத்தி ஆடை உடுத்து, நாணல் வகை வில்லும் இரும்புமுனை அம்பும் வைத்திருந்ததாகக் கிரேக்க வரலாற்றாசிரியர் எரொதோட்டசும் குறிப்பிட்டிருக்கிறார். அவர் நாணல் என்று கருதியது மூங்கிலாகவே இருக்க வேண்டும். பனை, மூங்கில், மரம், கொம்பு ஆகியவற்றால் வில் செய்யலாம் என்று அர்த்தசாஸ்திரம் வகைப்படுத்துகிறது. மூங்கில் புதரும் பனந்தோப்பும் உள்ள எந்த ஊரிலும் இந்த ஆயுதத்துக்கான மூலப்பொருள் கைக்கெட்டும் தொலைவில் இருந்தது என்பது இதிலிருந்து விளங்கும்.

இந்த வில்லின் பெருமை ஊடுருவும் ஆற்றலில் இருந்தது. பஞ்சாபில் வாழ்ந்த மல்லர்களின் கோட்டைக்குள் தனியாகக் குதித்த அலெக்சாந்தரின் மார்புக்கவசத்தைத் துளைத்து நெஞ்சில் பாய்ந்தது இத்தகைய ஓர் அம்புதான். காயத்தின் வழியே குருதியோடு மூச்சுக்காற்றும் வெளியேறியது என்று அர்ரியன் எழுதுகிறார். கொல்லிமலைத் தலைவன் வல்வில் ஓரி எய்த ஓர் அம்பு யானையை வீழ்த்தி, புலி, மான், பன்றி ஆகியவற்றை ஊடுருவி, புற்றில் இருந்த உடும்பில் போய்த் தைத்ததாக வன்பரணர் பாடியது புலவரின் மிகைதான். ஆனாலும் விரைவையோ தூரத்தையோ புகழாமல் துளைக்கும் வலிமையைப் புகழ்ந்தார் என்பது கவனிக்கத்தக்கது.

ஆனால் கால் ஊன்ற உறுதியான தரை வேண்டும். கி.மு. 326-இல் ஜீலம் ஆற்றங்கரையில், அலெக்சாந்தரை எதிர்த்த மன்னன் போரஸின் காலாட்படைக்கு அது வாய்க்கவில்லை. முந்தைய இரவு கொட்டிய மழையில் நிலம் சேறாகிவிட்டது; நீளமும் கனமும் கொண்ட அந்த அம்புகளைத் தொடுக்க வில்லைத் தரையில் பொருத்த முடியாமல் வில்லாளிகள் வழுக்கித் தடுமாறினார்கள் என்று ரோமானிய எழுத்தாளர் குர்ட்டியஸ் கூறுகிறார். மூன்றில் ஈரத்தை இயல்பாகவே ஓரளவு தாங்கக்கூடியது பசையே இல்லாத இந்த எளிய வில்தான். அதுவே மழையால் தோற்றது என்பது சற்று வேடிக்கையான முரண். ஈரம் வில்லைத் தொடவில்லை, வில்லாளியின் காலடியைப் பறித்துவிட்டது.

பார்த்தியரின் வில்லோ பொறுமையின் விளைவு. நடுவில் மெல்லிய மரச்சட்டம், எய்பவனை நோக்கிய உட்புறத்தில் விலங்குக் கொம்பின் தகடுகள், பகைவனை நோக்கிய வெளிப்புறத்தில் தசைநார். இம்மூன்றையும் ஒட்டுவதற்கு, நம் தச்சர்கள் வச்சிரம் என்று சொல்கிற, தோலைக் காய்ச்சி எடுக்கும் பசை. வில் வளையும்போது உட்புறம் நெருக்கப்படும், வெளிப்புறம் இழுபடும். நெருக்கத்தைத் தாங்கக் கொம்பும் இழுப்பைத் தாங்க நாரும் உகந்தவை என்பதைக் கணிதம் எதுவும் இல்லாமலே கண்டுபிடித்திருக்கிறார்கள். நாண் ஏற்றாதபோது இவ்வகை வில் எதிர்ப்பக்கமாக வளைந்து கிடக்கும். அதை மறுபக்கம் திருப்பி நாண் பூட்டும்போதே பாதி விசை அதற்குள் ஏறிவிடுகிறது. ஆகவே ஆளுயர வில்லின் வலிமையைக் குதிரைமேல் தூக்கிச் செல்லத்தக்க சிறிய அளவிலேயே பெற முடிந்தது. அங்கவடி இல்லாத அக்காலத்தில், தொடைகளால் குதிரையை இறுக்கிப் பிடித்தபடி, விரட்டி வருபவனைப் பின்னால் திரும்பி எய்வதற்கு இந்தக் குறுகிய வில்தான் ஏற்றது.

கி.மு. 53-இல் கார்ரே என்ற இடத்தில், இன்றைய துருக்கியின் அர்ரான் அருகே, இதன் முழு ஆற்றலையும் ரோமானியர் கண்டனர். ரோமானியத் தளபதி கிராசுஸ் ஏறக்குறைய 40,000 பேரோடு வந்திருந்தார். எதிரே, முப்பது வயதைக்கூட எட்டாத பார்த்தியத் தளபதி சுரேனாவிடம் இருந்தவர்கள் ஏறத்தாழ 10,000 குதிரைவீரர்கள் மட்டுமே. அம்பு தீர்ந்தால் கைகலப்புக்கு வந்துதானே ஆக வேண்டும் என்று ரோமானியர் கேடயங்களுக்குள் ஒடுங்கிக் காத்திருந்தனர். அம்புகள் தீரவில்லை, சுரேனா ஒட்டகங்களில் அம்பு மூட்டைகளை ஏற்றிக் கொண்டுவந்திருந்தார். தாக்கச் சொன்ன கிராசுசின் மகனிடம், கேடயத்தோடு சேர்த்துத் தைக்கப்பட்ட கைகளையும் தரையோடு அறையப்பட்ட பாதங்களையும் வீரர்கள் காட்டினார்கள் என்று கிரேக்க எழுத்தாளர் புளூட்டார்க் எழுதுகிறார். அவர் கணக்கில் 20,000 பேர் மாண்டனர், 10,000 பேர் சிறைப்பட்டனர். அந்த வெற்றியில் வில்லுக்கு எவ்வளவு பங்கோ அவ்வளவு பங்கு ஒட்டகத்துக்கும் உண்டு என்பது என் கருத்து.

இந்த வில்லின் பகை ஈரம். மழைக்காலத்தில் பறையின் தோல் தொய்ந்துபோக, நெருப்பில் காட்டி அதை இறுக்குவதைப் பார்த்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. ஈரக்காற்றில் நாண் தளர்ந்துவிடும் என்பதால் பார்த்தியர் குளிர்காலத்தில் போருக்கு வருவதில்லை என்று ரோமானிய வரலாற்றாசிரியர் தியோ காசியஸ் பதிந்திருக்கிறார். ஈரம் இல்லாமலும் அதை வெல்ல வழி இருந்தது: கி.மு. 38-இல் வெண்டிடியஸ் என்ற ரோமானியத் தளபதி பார்த்தியரை முறியடித்தபோது, மேட்டுநிலத்தில் நின்றுகொண்டு கவண்வீரர்களையும் பயன்படுத்தினார். தினைப்புனத்தில் கிளி ஓட்டும் கருவியாக நாம் அறிந்த அதே கவண்தான்.

ஒரு தண்டின் குறுக்கே வில்லைப் பொருத்திய சீனக் குறுக்குவில் வேறோர் எண்ணத்திலிருந்து பிறந்தது. முதலிரண்டு விற்களிலும் நாணை இழுத்துப் பிடித்திருப்பதும் குறிபார்ப்பதும் ஒரே நேரத்தில் நடந்தாக வேண்டும். கை நடுங்கத் தொடங்குமுன் அம்பை விட்டுவிட வேண்டும். குறுக்குவில் இவ்விரண்டு வேலைகளையும் பிரித்துவிட்டது. வீரன் வில்லைக் காலால் மிதித்து, இரு கைகளாலும் நாணை இழுத்து, தண்டின் கடைசியில் உள்ள வெண்கலக் கொக்கியில் மாட்டிவிடுகிறான். அந்தப் பொறி உள்ளங்கையில் அடங்கும் அளவுதான். மேலே இரு பற்களுள்ள கொக்கி, அதை விழாமல் தாங்கும் நடுத்துண்டு, கீழே தொங்கும் விசை. இம்மூன்றையும் இரண்டு ஊசிகள் கோத்திருக்கும். விசையை இழுத்தால் நடுத்துண்டு நழுவும், கொக்கி கவிழும், நாண் விடுபடும். அதுவரை எவ்வளவு நேரமானாலும் பதற்றமின்றிக் குறிபார்த்துக்கொண்டிருக்கலாம்.

பதுங்கித் தாக்குவதற்கு இது எவ்வளவு பொருத்தமானது என்பதைக் கி.மு. 341-ஐச் சேர்ந்த மாலிங் போர் காட்டுகிறது. குறுகலான வழியில் 10,000 குறுக்குவில் வீரர்களை மறைத்து வைத்த சீனப் போர்த்தந்திரி சுன் பின், ஒரு மரத்தின் பட்டையைச் சீவி, பகைத் தளபதியின் பெயரோடு ‘பாங் சுவான் இம்மரத்தடியில் சாவான்’ என்று எழுதி வைத்தார். அதைப் படிக்கப் பாங் சுவான் தீப்பந்தம் ஏற்றிய கணத்தில் அம்புகள் பாய்ந்தன என்பது சீன வரலாற்றாசிரியர் சிமா சியான் சொல்லும் செய்தி. கதையில் மெருகு இருக்கலாம். ஆனால் இருளில் அத்தனை பேர் நாணேற்றியபடி அசையாமல் காத்திருப்பது கைவில்லால் ஆகிற காரியமன்று.

சீனாவின் சியான் நகருக்கு அருகே 1974-இல் கண்டெடுக்கப்பட்ட, முதல் சீனப் பேரரசரின் கல்லறைக்குரிய சுடுமண் படையின் குழிகளில் இந்த வெண்கலப் பொறிகளும் ஏறக்குறைய 40,000 வெண்கல அம்புமுனைகளும் கிடைத்துள்ளன. அவற்றின் அளவுகள் வியப்பூட்டும் அளவுக்கு ஒத்திருக்கின்றன. இந்த வில்லின் பின்னால் ஒரு நாட்டின் பட்டறைகள் நின்றன. ஈரச் சிக்கலுக்கும் சீனர் ஒரு வழி கண்டிருந்தனர்: வில்லுக்கு வேண்டிய ஆறு பொருள்களை மரம், கொம்பு, தசைநார், பசை, பட்டுநூல், மெருகு என்று பட்டியலிட்ட அவர்கள், ஒருவகை மரப்பாலாலான அந்த மெருகை மேலே பூசிப் பசையைக் காத்தனர்.

குறுக்குவில்லின் குறை வேகம். அதில் ஓர் அம்பு விடும் நேரத்தில் பார்த்தியக் குதிரைவீரன் பல அம்புகளை விட்டுவிடுவான். ஓடும் குதிரைமேல் அமர்ந்து காலால் மிதித்து நாணேற்றுவதும் இயலாது. இருந்தும், பேரரசின் நிலையிலிருந்து பார்த்தால் மூன்றில் நான் தேர்ந்தெடுப்பது இதைத்தான். குதிரை வில்லாளியை உருவாக்க ஒரு சிறுவனின் வளரும் ஆண்டுகள் அனைத்தும் வேண்டும், ஆளுயர வில்லை இழுக்கப் பழகிய தோள்கள் வேண்டும். குறுக்குவில்லுக்கோ உழவனைப் பிடித்துவந்து சில காலம் பழக்கினால் போதும். கி.மு. 169-இல் சாவ் சுவோ என்ற ஆன் (ஹான்) மரபின் அரசவை அறிஞர், சியுங்னு நாடோடிகளையும் சீனப் படையையும் ஒப்பிட்டுப் பேரரசருக்கு எழுதிய குறிப்பிலும் இதன் சாயல் உண்டு. குதிரையேற்றத்திலும் ஓடியபடி எய்வதிலும் நாடோடிகளுக்கு நாம் ஈடில்லை, ஆனால் நம் வலிய குறுக்குவிற்கள் எட்டும் தொலைவுக்கு அவர்களுடைய விற்கள் எட்டா என்றார் அவர்.

ஆனாலும் சுரேனாவின் ஒட்டகங்கள் எல்லோருக்கும் வாய்ப்பதில்லை. கி.மு. 99-இல் சீனத் தளபதி லீ லிங் 5,000 காலாட்களோடு புல்வெளிக்குள் சென்று, தன்னைவிடப் பன்மடங்கு பெரிய சியுங்னு குதிரைப்படையை வில்லாலும் குறுக்குவில்லாலும் நாள்கணக்கில் தடுத்துப் பின்வாங்கிக்கொண்டே வந்தார். ஒரே நாளில் 500,000 அம்புகள் தீர்ந்தன என்கிறது ஆன் மரபின் வரலாற்று நூல். அதன்பின் அவருடைய வீரர்கள் வண்டிச் சக்கரங்களின் ஆரக்கால்களை வெட்டிக் கையில் எடுத்துக்கொண்டு நடந்தார்கள்.