மனை விற்கப் போனேன், 5 லட்சத்து 20 ஆயிரம் பிடித்தார்கள்

2025 தை மாதம், அதாவது ஜனவரியில், தஞ்சாவூர்ப் பக்கம் எங்கள் ஊருக்குப் போனதே ஒரு மனையை விற்கத்தான். வில்லங்கம், பட்டா, பதிவுக்கு டோக்கன் எல்லாம் ஆன்லைனிலேயே ஆகிவிட்டது, அதில் சொல்ல ஒன்றுமில்லை. பத்திரத்துக்குக் கொஞ்ச நாள் முன்னால் ஆடிட்டர் ஆபீஸில் நடந்ததுதான் இன்னும் வயிற்றெரிச்சலாக இருக்கிறது.

அண்ணனும் நானும் 2014ல் ஒரே நகரில் பக்கத்துப் பக்கத்து மனை வாங்கினோம், பத்திரச் செலவு சேர்த்து ஆளுக்கு 34 லட்சம். அண்ணன் 2024 கார்த்திகையில் 40 லட்சத்துக்கு விற்றார். 50 லட்சத்துக்குக் கீழே என்பதால் வாங்கியவர் 1 சதவீத டிடிஎஸ்கூட (விலையிலேயே முன்கூட்டிப் பிடிக்கும் வரி) பிடிக்கவில்லை. இன்டெக்சேஷன், அதாவது விலைவாசிக்கு ஏற்ப வாங்கிய விலையை உயர்த்திக் காட்டும் கணக்கு, போட்டால் (குறியீடு அப்போது 240, விற்றபோது 363) வாங்கிய விலையே 51 லட்சத்தைத் தாண்டிவிடுகிறது, லாபமே இல்லை, வரியும் இல்லை.

நானும் அதே 40 லட்சத்துக்குத்தான் விற்றேன். ஆனால் லண்டனில் இருப்பதால் எனக்கு அப்போதைய வருமான வரிச் சட்டத்தின் 195வது பிரிவு, வெளிநாட்டில் வசிப்பவருக்குத் தரும் பணத்தில் வரி பிடிக்கச் சொல்வது. அந்த 50 லட்ச வரம்பு இதற்குக் கிடையாது. 2024 ஜூலை பட்ஜெட்டில் இன்டெக்சேஷனை எடுத்தார்கள், எதிர்ப்பு வந்ததும் ஜூலை 23க்கு முன்னால் வாங்கிய சொத்துக்குப் பழைய 20 சதவீதக் கணக்கையும் வைத்துக்கொள்ளலாம் என்று திருத்தினார்கள். அந்தச் சலுகை இந்தியாவில் குடியிருப்பவர்களுக்கு மட்டும். எனக்கு 12.5 சதவீதம், செஸ் என்ற கூடுதல் வரியும் சேர்த்து 13.

சரி, 6 லட்சம் லாபத்துக்கு 78,000 கட்டிவிட்டுப் போகிறேன், அது சட்டம். ஆனால் லாபம் எவ்வளவு என்பதை வாங்குபவர் தானாக முடிவு செய்ய முடியாதாம். நான் ஃபார்ம் 13 என்ற விண்ணப்பத்தைப் (அப்போதைய எண்) போட்டு வரி அதிகாரியிடம் சான்றிதழ் வாங்கினால்தான் குறைத்துப் பிடிக்கலாம், இல்லாவிட்டால் முழுக் கிரயத் தொகைக்கும் பிடித்துவிடுவதுதான் நடைமுறை. அந்தச் சான்றிதழ் என் லீவு முடிவதற்குள் வராது என்று ஆடிட்டரே சொல்லிவிட்டார். தை முகூர்த்தத்தை விட்டால் வாங்குபவர் காத்திருக்க மாட்டார். ஆக, 78,000 கட்ட வேண்டிய இடத்தில் 5,20,000 போனது.

என்னைவிட என் மனையை வாங்கியவரை நினைத்தால்தான் பாவமாக இருக்கிறது. சின்ன ஹார்டுவேர் கடை வைத்திருப்பவர், வரிக்கணக்கைச் சுத்தமாக வைத்திருக்கிற மனுஷன். அண்ணனிடம் வாங்கியிருந்தால் ஒரு பேப்பரும் கிடையாது. என்னிடம் வாங்குவதால் 2025 விதிப்படி டான் நம்பர் (வரி பிடிப்பவருக்கான தனி எண்) எடுக்க வேண்டியிருந்தது, பிடித்த பணத்தை அடுத்த மாதம் 7ஆம் தேதிக்குள் கட்ட வேண்டியிருந்தது, மே 31க்குள் 27க்யூ என்ற கணக்குப் படிவத்தைத் தாக்கல் செய்ய வேண்டியிருந்தது, தாமதித்தால் நாளுக்கு 200 ரூபாய், அப்புறம் எனக்கு வரி பிடித்ததற்கான 16ஏ சான்றிதழ் தர வேண்டியிருந்தது. பிடிக்காமல் விட்டால் என் வரி அவர் தலையில் விழும். ஆடிட்டரின் உதவியாளர் இதையெல்லாம் ஒவ்வொன்றாகச் சொல்லச் சொல்ல, அவர் அட்வான்ஸ் ரசீதை எடுத்து மேஜைமேல் வைத்துவிட்டார். "தம்பி, உங்க வரிக்கு நான் எதுக்கு நம்பர் வாங்கணும்? ஜிஎஸ்டி கட்டவே நாக்குத் தள்ளுது. உங்க அண்ணன் மனைன்னா இந்நேரம் முடிஞ்சிருக்கும்." என்ன பதில் சொல்ல? அவர் பக்கத்து ஆடிட்டர் ஃபீஸை நானே தருகிறேன் என்ற பிறகுதான் ரசீது திரும்பப் பைக்குள் போனது.

பிரிட்டனில் வெளிநாட்டில் வசிப்பவர் வீடு விற்றால் 60 நாளுக்குள் அவரே ஆன்லைனில் கணக்குக் காட்டி, லாபத்துக்கு மட்டும் வரி கட்டுகிறார். வாங்குபவருக்கு அதில் வேலையே இல்லை. அமெரிக்காவில் மொத்த விலையில் 15 சதவீதம் பிடிக்கிறார்கள்தான், ஆனால் 3 லட்சம் டாலருக்குள் குடியிருக்க வாங்குபவருக்கு அந்தத் தொல்லை கிடையாது. விற்றுவிட்டு ஓடிவிடுவான் என்ற பயம் எல்லா அரசுக்கும் இருக்கும், நியாயம்தான். அதற்காகக் கடைக்காரரை வரி வசூலிப்பவராக ஆக்குவதும், 34 லட்சம் முதலுக்கும் சேர்த்து வரி பிடிப்பதும் எந்த ஊர் நியாயம்? 50 லட்ச வரம்பை எல்லாருக்கும் பொதுவாக வைத்து, பான் நம்பரை வைத்தே கட்ட விட்டிருந்தால் பாதிப் பிரச்சினை தீர்ந்திருக்கும்.

ரிட்டர்ன் போட்டு மீதி 4,42,000ஐ ரீஃபண்டாகக் கேட்க வேண்டும். நீங்கள் யாராவது விற்கப் போகிறீர்கள் என்றால் விலை பேசியதுமே குறைத்துப் பிடிப்பதற்கான சான்றிதழுக்கு விண்ணப்பம் போட்டுவிடுங்கள், டிக்கெட் எடுப்பதெல்லாம் அதற்கப்புறம். வாங்குபவரிடம் வரி பிடிக்கிற விஷயத்தை அட்வான்ஸ் வாங்கும்போதே சொல்லிவிடுங்கள், ரீஃபண்ட் வரவேண்டிய வங்கிக் கணக்கை வருமான வரித் தளத்தில் முன்கூட்டியே சரிபார்த்தும் வையுங்கள்.