சோலாரா, கீசரா, செம்பு பாய்லரா: போர் தண்ணீர் வீட்டுக்காரனின் கணக்கு

2020-ல் 21,500 ரூபாய் கொடுத்து மொட்டை மாடியில் ஏற்றிய சோலார் ஹீட்டரை 2023 கார்த்திகையில் கழற்றி இறக்கிவிட்டேன். இருபது வருடம் ஓடும் என்று சொல்லித்தான் விற்றார்கள். நான்கு வருடம்கூட ஓடவில்லை. இப்போது குளியலறையில் 15 லிட்டர் கீசர் ஒன்று, புறவாசலில் அம்மாவின் பழைய செம்பு பாய்லர் ஒன்று, இரண்டும் இருக்கின்றன. இந்த வருடம் அக்கம்பக்கத்தில் நாலைந்து பேர் புதிதாக வீடு கட்டுகிறார்கள், எல்லோரும் வந்து வெந்நீருக்கு எது வாங்கலாம் என்ற ஒரே கேள்வியைத்தான் கேட்கிறார்கள், ஒவ்வொருவரிடமும் முதலிலிருந்து சொல்லி வாய் வலிக்கிறது என்பதால் எழுதியே வைத்துவிடுகிறேன்.

திருநெல்வேலியில் வெந்நீர் எதற்கு என்று சிரிப்பவர்கள் உண்டு. நியாயம்தான். சித்திரையில் வெயில் 40 டிகிரியைத் தாண்டும்போது மாடித் தொட்டியிலிருந்து வரும் பச்சைத் தண்ணீரே கையைச் சுடும். எங்கள் வீட்டில் வெந்நீர் தேவைப்படுவது ஐப்பசி முதல் தை வரை, மிஞ்சினால் மாசி பாதி வரை. ஆனால் வீட்டில் மூட்டுவலியோடு 76 வயது அம்மா இருந்து, பேறுகாலத்துக்கு மகளும் வந்துவிட்டால், அந்த நாலு மாதக் கணக்கெல்லாம் செல்லாது. பிள்ளை பெற்றவளுக்கு ஒரு வேளைக்கு நாலு வாளி, பச்சைப்பிள்ளைக்கு ஒரு வாளி, அம்மாவுக்கு இரண்டு வாளி என்று காலை ஏழு மணிக்குள் காய்ந்தாக வேண்டும்.

வாளிக்குள் போடும் ஹீட்டர் கம்பியைப் பற்றி ஒரே வரிதான்: குழந்தை இருக்கிற வீட்டில் வேண்டாம். பெல்லட் அடுப்பும் பாய்லரும் இப்போது விற்பனைக்கு வருகின்றன, மரத்தூளையும் கடலைத் தோட்டையும் அழுத்திச் செய்த குச்சிகளை ஒரு சின்ன விசிறி ஊத எரிப்பது. நண்பர் ஒருவரின் மெஸ்ஸில் இரண்டு தடவை பற்றவைத்துப் பார்த்திருக்கிறேன், அவ்வளவுதான் என் அனுபவம். தீ சுத்தமாக இருக்கிறது, புகை நம் விறகடுப்பில் வருவதில் கால்வாசிகூட இல்லை. கிலோவுக்கு 12 ரூபாய் என்றார். ஆனால் அடைமழைக் காலத்தில் மூட்டைக்குள் ஈரம் இறங்கினால் குச்சியெல்லாம் ஊதிப் பெருத்து மறுபடி தூளாகிவிடும். எங்களுக்கு வெந்நீர் வேண்டியதே அந்த மழைக்காலத்தில்தான். நாளெல்லாம் அடுப்பெரியும் மெஸ்ஸுக்குச் சரி, வீட்டுக்கு எனக்கு மனம் ஒப்பவில்லை. மூட்டைகளை நனையாமல் வைக்க இடமுள்ளவர் யோசிக்கலாம்.

மிச்சம் இருப்பது மூன்று. அதில் விலையை மட்டும் வைத்துத்தான் எல்லோரும் முடிவு செய்கிறோம், நானும் அப்படித்தான் செய்தேன். சோலாருக்கு வாங்கும்போது மட்டும்தான் செலவு, அப்புறம் வெயில் இலவசம். கீசர் விலை குறைவு, ஆனால் மாசாமாசம் கரண்டு தின்னும். பாய்லருக்கு விறகு, புகை, கரி. இந்தக் கணக்கில் தப்பில்லை. ஆனால் இதில் தண்ணீர் எங்கே இருக்கிறது? மூன்றும் காய்ச்சப் போவது தண்ணீரை. அது எந்தத் தண்ணீர் என்று கடைக்காரரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

திருநெல்வேலிக்குப் பக்கத்துத் தாழையூத்தில் 1940-களின் கடைசியில் சிமெண்ட் ஆலை வந்தது இங்கே பூமிக்கடியில் சுண்ணாம்புக்கல் கிடந்ததால்தான். அதே கல்லில் ஊறி வரும் தண்ணீர்தான் எங்கள் போரில் (ஆழ்துளைக் கிணற்றில்) வருகிறது. சோப்பு நுரைக்காது, குழாய் வாயில் வெள்ளை வெள்ளையாகப் பூக்கும், சோற்றுப்பானை அடியில் ஓடு கட்டும், இதெல்லாம் சின்ன வயதிலிருந்து பார்த்துப் பழகியதால் பெரிதாகத் தோன்றவில்லை. சோலார் கெட்ட பிறகுதான் ஒரு பாட்டிலில் பிடித்துப் பரிசோதனைக்குக் கொடுத்தேன். மொத்தக் கடினத்தன்மை லிட்டருக்கு 720 மில்லிகிராம். குடிநீருக்கான இந்தியத் தர அளவு 200, வேறு வழியே இல்லை என்றால் 600 வரை பொறுக்கலாம் என்கிறது. எங்களுடையது அதற்கும் மேலே.

இப்போது ஒரு சின்னக் கணக்குப் போடுங்கள். நாளைக்கு 100 லிட்டர் காய்ச்சினால் 72 கிராம் சுண்ணாம்புச் சத்து ஹீட்டருக்குள் போகிறது. வருடத்துக்கு 26 கிலோ. எல்லாமே உள்ளே தங்கிவிடாது, பெரும்பகுதி தண்ணீரோடு வெளியே போய்விடும். நூற்றில் ஒரு பங்கு தங்கினாலும் கால் கிலோ ஆயிற்று. தண்ணீரில் கரைந்திருக்கும் பைகார்பனேட் சூடேறினால் சிதைந்து, கரியமில வாயு பிரிந்து போய், கரையாத கார்பனேட்டாக அடியில் படிகிறது. சூடு ஏற ஏறப் படிவதும் கூடும், 60 டிகிரியைத் தாண்டினால் இன்னும் வேகம்.

சோலார் எங்கே மாட்டிக்கொண்டது என்பது இங்கேதான் விளங்கும். கீசரில் தெர்மோஸ்டாட் இருக்கிறது, 50 என்று வைத்தால் 50-ல் நின்றுவிடும். சூரியனுக்கு அப்படி ஒன்றும் கிடையாது. பங்குனி, சித்திரை, வைகாசியில் வீட்டில் ஒருவரும் வெந்நீரைத் தொடுவதில்லை, ஆனால் மாடியில் அது பாட்டுக்கு 80, 85 டிகிரி என்று தினமும் கொதிக்கிறது. யாருக்கும் வேண்டாத வெந்நீரைக் காய்ச்சிக் காய்ச்சியே, உள்ளே நிற்கும் தண்ணீரின் சுண்ணாம்பைப் பூசிக்கொள்கிறது. அப்புறம் ஐப்பசி பிறந்து நமக்கு வெந்நீர் வேண்டும் என்கிற நேரத்தில் வானம் மூடிக்கொள்கிறது. மூன்றாவது வருடம் மழைக்காலத்தில் வெதுவெதுப்புக்கூட இல்லாமல் வந்தபோது கழற்றிப் பார்த்தோம். வெயிலை வாங்கித் தண்ணீரைக் காய்ச்சும் பத்துக் கண்ணாடிக் குழாயிலும் அடியில் ஒரு சாண் உயரத்துக்கு வெள்ளையாக இறுகிக் கிடந்தது. பிளம்பர் ஒரு குழாயைக் கவிழ்த்துத் தட்டிவிட்டு, "அண்ணாச்சி, இது ஹீட்டர் இல்ல, சுண்ணாம்புக் காளவாசல்" என்றார்.

இதற்கு நடுவில் இரண்டு குழாய் வெடித்தது தனிக்கதை. மோட்டார் ஓடாமல் தொட்டி வற்றிவிட்டது, வெறும் குழாய்கள் உச்சிவெயிலில் காய்ந்து கிடந்தன, கரண்டு வந்ததும் ஒருவரும் யோசிக்காமல் தண்ணீரை ஏற்றிவிட்டோம். காய்ந்த கண்ணாடியில் பச்சைத்தண்ணீர் பட்டால் என்ன ஆகும்? அது என் தப்புதான், சாதனத்தின் மேல் பழி போட முடியாது. ஆனால் ரப்பர் வளையம் கசிவதும், மாடிக்கு ஆள் ஏற்றிக் கழுவுவதும் வருடா வருடம் வந்த செலவு. முதல் தடவை 1,200, அடுத்த தடவை 1,800. இன்னொன்று, கழுவ வருகிறவர்கள் சில பேர் கக்கூஸ் கழுவுகிற ஆசிட்டை ஊற்றுவார்கள். விடாதீர்கள். படிந்த சுண்ணாம்பு உப்பு உடனே கரையும் என்பது உண்மை, கூடவே எவர்சில்வர் தொட்டியின் பற்றுவைத்த இடங்களையும் அது அரிக்கும். சிட்ரிக் ஆசிட் போதும், கொஞ்சம் நேரம் பிடிக்கும்.

சோலாரைச் சபிக்கிறேன் என்று நினைக்க வேண்டாம். கல்லிடைக்குறிச்சியில் என் மைத்துனர் வீட்டில் ஒன்பது வருடமாக இதே மாதிரி 100 லிட்டர் சோலார் ஓடுகிறது. அவர்களுக்குத் தாமிரபரணித் தண்ணீர், மலையிலிருந்து இறங்கியதும் கிடைப்பதால் அதில் சுண்ணாம்பு கொஞ்சம்தான். ஒரே ஒரு தடவைதான் குழாயைக் கழுவியிருக்கிறார், அதிலும் வந்தது வண்டல், உப்பு இல்லை. ஆற்றுத் தண்ணீர் வீட்டுத் தொட்டிக்கே ஏறுகிறது என்றால் சோலாரை யோசிக்காமல் வாங்கலாம். போரில்தான் குளிக்கிறீர்கள் என்றால் முதலில் தண்ணீரைப் பரிசோதியுங்கள்.

இனி கீசர். இதன் பக்கம் சாய்கிறேன் என்பதை மறைக்கவில்லை. 15 லிட்டர், 2 கிலோவாட், 7,800 ரூபாய். தனி 16 ஆம்பியர் பாயின்ட், எர்த், ஒழுகு மின்சாரத்தை நிறுத்தும் டிரிப்பர் எல்லாம் சேர்த்து வயரிங் 2,600. இந்த 2,600-ல் கஞ்சத்தனம் பார்க்காதீர்கள்.

எல்லோரும் பயப்படும் கரண்டுக் கணக்குக்கு வருவோம். ஒரு ஆள் குளிக்க 40 லிட்டர், 28 டிகிரியிலிருந்து 42-க்கு ஏற்ற வேண்டும். 40-ஐ 14-ஆல் பெருக்கினால் 560 கிலோ கலோரி. ஒரு யூனிட் என்பது 860 கிலோ கலோரி. ஆக முக்கால் யூனிட்டுக்கும் குறைவு. ஊட்டியில் இருப்பவன் 15 டிகிரியிலிருந்து தொடங்க வேண்டும், நமக்குத் தண்ணீரே பாதி காய்ந்துதான் வருகிறது. கீசர் கரண்டு தின்னும் என்ற பேச்சு அங்கே நியாயம், இங்கே அவ்வளவு இல்லை.

ஆனாலும் ஒரு பொறி இருக்கிறது. ஐந்து பேரும் தினமும் கீசரில் குளித்தால் இரண்டு மாதத்துக்கு 200 யூனிட் வரும். மழைக்காலத்தில் எங்கள் ரீடிங் 330 சுமார், அதோடு 200 சேர்ந்தால் 500-ஐத் தாண்டிவிடும். அப்போதைய கட்டணப்படி, தாண்டினால் மேலே உள்ள யூனிட்டுக்கு 8 ரூபாய்க்கு மேல் என்பது மட்டுமல்ல, 100-க்கும் 200-க்கும் நடுவில் உள்ள யூனிட்டுக்குக் கிடைத்த சலுகை விலையும் போய்விடும். முதல் பில்லில் அது எங்களுக்கு நடந்தது. அதற்குப் பிறகு நானும் மகனும் பச்சைத் தண்ணீருக்கு மாறிக்கொண்டோம், ஒன்றும் செத்துப்போகவில்லை.

உப்பு கீசரிலும் படியும், அதில் சந்தேகமே வேண்டாம். ஆனால் படிகிற இடம் கைக்கெட்டும் தூரத்தில், ஒரே ஒரு காயிலில். வருடத்துக்கு ஒரு தடவை, புரட்டாசிக் கடைசியில், கீழ் மூடியைத் திறந்து காயிலை வெளியே எடுத்து சிட்ரிக் ஆசிட் தண்ணீரில் ஒரு ராத்திரி ஊறவைத்தால் ஓடு ஓடாகக் கழன்று வருகிறது. போன தடவை அரைக் கிண்ணம் வந்தது. கூடவே மெக்னீசியக் கம்பி ஒன்று இருக்கும், தொட்டி துருப்பிடிக்காமல் காக்கத் தானே கரைந்துபோவதுதான் அதன் வேலை. போர் தண்ணீரில் அது சீக்கிரம் கரைகிறது, மாற்ற 350 ரூபாய். காயிலே போனாலும் 700, 800-க்குள் முடியும். உப்பைக் கவனிக்காமல் விட்டால் மேலே ஓடு கட்டி, சூடு தண்ணீருக்குப் போக வழியில்லாமல், காயில் தானே வெந்து வெடித்துவிடும். பிரஷர் வால்வும் அதே உப்பில் அடைத்துக்கொள்ளும், மாதம் ஒருமுறை அதன் நெம்பைத் தூக்கி நாலு சொட்டு விடுங்கள், அது அடைத்தால்தான் ஆபத்து. கடையில் 70 டிகிரியில் வைத்துத் தருவார்கள், 50-க்கு இறக்குங்கள். உப்பும் குறையும், பில்லும் குறையும். ஐந்தாம் வருடம், ஆறாம் வருடம் தொட்டி எப்படி இருக்கும் என்று இப்போதே சொல்லிவிட முடியாது. போனாலும் போவது 8,000 ரூபாய், 21,500 இல்லை.

செம்பு பாய்லர் பற்றி நான் பேசினால் பாசம் கலந்துவிடும். மேலே புனலில் ஊற்றினால் கீழே குழாயில் வெந்நீர் வரும், நடுவில் நெருப்புக்குழல். எரிபொருளுக்கு எங்களுக்குப் பைசா செலவில்லை, சிரட்டை, பனைமட்டை, தென்னம்பாளை, வேலியில் வெட்டிய உடைமுள் என்று எது கிடைத்தாலும் தின்னும். உப்பு இதிலும் படிகிறது, அம்மா வருடத்துக்கு ஒருமுறை புளியைக் கரைத்து ஊற்றிக் கொதிக்கவிட்டுக் கொட்டுவாள். சிட்ரிக் ஆசிட் செய்வதையே புளியும் செய்கிறது, கொஞ்சம் மெதுவாக. புதிதாக 20 லிட்டர் செம்பில் வாங்கினால் 11,000 சொன்னார்கள். விலை கூடத்தான், ஆனால் முப்பது வருடம் கழித்தும் எடைக்குப் போட்டால் செம்பு விலை கிடைக்கும். சோலாரை இறக்கி எடைக்குப் போட்டபோது தொட்டிக்கும் ஸ்டாண்டுக்கும் சேர்த்து 1,400 கொடுத்தார்கள், கண்ணாடிக் குழாயைச் சும்மா கொடுத்தும் கடைக்காரர் எடுத்துக்கொள்ளவில்லை. ஆனால் புகை. விடியற்காலை ஐந்தரைக்கு நனைந்த மட்டையோடு போராடுகிற வேலை வீட்டில் யார் தலையில் விழுகிறது என்று நான் சொல்ல வேண்டியதில்லை. பச்சைப்பிள்ளை இருக்கிற வீட்டில் அந்தப் புகை ஆகவே ஆகாது. அதனால்தான் கீசர் முதல், பாய்லர் இரண்டாவது.

"தண்ணீரை மென்மையாக்கும் மிஷின் வைத்துவிட்டு சோலாரே போட்டால் என்ன?" என்று ஒரு தம்பி கேட்டார். வைக்கலாம். எங்களுக்குச் சொன்ன விலை 28,000, அதோடு அந்த மிஷினைக் கழுவ அடிக்கடி சாப்பாட்டு உப்பு மூட்டை. அதைக் கழுவி வெளியேறும் உப்புத் தண்ணீரை எங்கே விடுவது? எங்கள் குளியல் தண்ணீர் முழுக்க வாழைக்கும் இரண்டு தென்னைக்கும்தான் போகிறது. அதற்கு நான் துணியவில்லை.

அடுத்த மாதம் மகள் மாமியார் வீட்டுக்குப் போகிறாள், பாபநாசம் பக்கம், ஆற்றுத் தண்ணீர் ஊர். மாப்பிள்ளை போன் பண்ணி, "மாமா, எது வாங்கட்டும்?" என்று கேட்டார். சோலார் என்றேன். அம்மா பக்கத்தில் இருந்து கேட்டுக்கொண்டிருந்தாள். "எய்யா, நமக்கு ஆகாததை அந்தப் பிள்ளைக்கு ஏன் சொல்லுத?" என்று அன்று முழுக்க என்னோடு பேசவில்லை.