ரெட்டைப் பிள்ளைக்கு 'பெட் ரெஸ்ட்' அட்மிஷன்: கட்டின காசுக்குத் தகுமா?

ஏழாம் மாசமே "வந்து படுத்துடுங்கம்மா, அப்பதான் ரெண்டும் தங்கும்" என்று அறையைக் காட்டுகிற தனியார் ஆஸ்பத்திரிகள் நம் ராமநாதபுரம் கரையோரத்தில் உண்டு. ஏசி, டிவி, கூட இருப்பவருக்கு ஒரு பெஞ்சு. ராத்திரியில் நர்ஸ் மட்டும், டாக்டர் போனில்.

கட்டிலுக்கு மார்க் குறைவுதான். வலி, ரத்தப்போக்கு, பிரஷர் எதுவும் இல்லாத ரெட்டைக் கர்ப்பத்தில், ஆஸ்பத்திரியில் படுக்கவைத்ததால் குறைப்பிரசவம் குறைந்ததாக ஆய்வுகள் காட்டவில்லை. படுத்தே கிடந்தால் கால் ரத்தக்குழாயில் ரத்தம் உறையும் ஆபத்துதான் கூடும். பாத்ரூமுக்குக்கூட எழும்பாதே என்றால் காரணம் கேளுங்கள்.

அந்தக் காசை ஸ்கேனுக்குச் செலவழிக்கலாம். நஞ்சுக்கொடி ஒன்றா இரண்டா என்பதை 11–14 வாரத்துக்குள் ரிப்போர்ட்டில் எழுதி வாங்குங்கள்; நாள் போனால் சரியாகத் தெரியாது. ஒரே நஞ்சுக்கொடி என்றால், ஒரு பிள்ளையின் ரத்தம் மற்றதற்குப் போகிற கோளாறைப் பிடிக்க 16 வாரத்திலிருந்து இரண்டு வாரத்துக்கு ஒரு ஸ்கேன். 20 வாரம் வாக்கில் பிறப்புறுப்பு வழியாகப் பார்க்கும் ஸ்கேனில் கர்ப்பப்பை வாயின் நீளம் 25 மி.மீ.க்குக் குறைந்திருந்தால் புரொஜெஸ்டிரோன் ஹார்மோன் மருந்தை உள்ளே வைக்கச் சொல்வார்கள். ரெட்டை என்பதற்காகவே எல்லோருக்கும் அதை எழுதுவதும் கர்ப்பப்பை வாயில் தையல் போடுவதும் வீண்.

34 வாரத்துக்கு முன்பே வலி கண்டால்தான் ஆஸ்பத்திரியின் தரம் தெரியும். பிள்ளைகளின் நுரையீரலுக்கு டெக்சாமெத்தசோன் 6 மி.கி., 12 மணி நேரத்துக்கு ஒன்றாக நாலு ஊசி. கூடவே தரும் நிஃபெடிபின் மாத்திரை வலியை ஒரேயடியாக நிறுத்தாது. ஊசி வேலை செய்ய இரண்டு நாள் அவகாசம், அவ்வளவே. 32 வாரத்துக்கும் முந்தியென்றால் மூளையைக் காக்க மக்னீசியம் சல்ஃபேட். பச்சிளம் குழந்தைக்கு வென்டிலேட்டர் இல்லாத இடத்தில் இதோடு நிறுத்தக்கூடாது. ஒன்றேகால் கிலோப் பிள்ளைகள் இரண்டைப் பெற்ற பிறகு மதுரைக்கு நூறு கிலோமீட்டருக்கு மேல் ஆம்புலன்சில் தூக்கிப் போவதைவிட, வயிற்றில் இருக்கும்போதே 108-ல் போய்ச் சேர்வது எவ்வளவோ மேல்.

பாம்பன், தங்கச்சிமடம், ராமேஸ்வரக்காரர்களுக்கு மட்டும் ஒரு விலக்கு: பாலம் தாண்டி ராமநாதபுரம் வர வேண்டியிருப்பதால், கடைசி வாரங்களில் சொந்தக்காரர் வீட்டில் தங்கி நடமாடுவது நல்லது. அதற்கு ஆஸ்பத்திரி அறை வேண்டாம்.

அட்வான்ஸ் கட்டுமுன் மூன்றே கேள்வி: ராத்திரி இரண்டு மணிக்கு மயக்க டாக்டர் வருவாரா? குழந்தை டாக்டர்? இன்குபேட்டர் இரண்டு காலியாக இருக்குமா? மூன்றாவதற்கு "பார்த்துக்கலாம்" என்று பதில் வந்தால் பையை எடுத்துக்கொண்டு கிளம்புங்கள்.