டிராக்டர் ஜிபிஎஸ் திருத்தம்: சொந்த பேஸா, சிம்மா?

டிராக்டர் தானாக நேர்கோட்டில் ஓட, ஜிபிஎஸ் பிழையைச் சரிசெய்யும் திருத்தம் வேண்டும். அதை வயலருகே முக்காலியில் நிறுத்தும் சொந்த பேஸ் (நிலையாக நிற்கும் ஜிபிஎஸ் கருவி) ரேடியோவில் அனுப்பும்; இல்லையென்றால் சிம் கார்டு வழியே இணையத்தில் வேறு பேஸிலிருந்து வரும். ஆட்டோ ஸ்டியரிங் திரையில் ‘ஃபிக்ஸ்’ (செ.மீ. அளவுத் துல்லியம்) போய் ‘ஃப்ளோட்’ (துல்லியம் குறைந்த நிலை) வந்தால் சால் விலகும். திருத்தத்தின் வயது (கடைசியாக வந்து எத்தனை நொடி ஆயிற்று என்பது) ஏறிக்கொண்டே போனால் திருத்தம் வந்து சேரவில்லை.

செலவு: பேஸுக்கு முதலில் பெருந்தொகை, சிம்முக்கு டேட்டா, சில இடங்களில் சந்தாவும்.

திருத்தம் அறுந்தால்: பேஸில் பேட்டரி, ஆன்டெனா ஒயர் பாருங்கள். நாகமலை மாதிரிக் குன்று குறுக்கே நின்றால் ரேடியோ எட்டாது. சிம்மில் டேட்டா இருப்பு, மவுண்ட்பாயின்ட் (எந்தத் திருத்தம் வேண்டும் என்று தேர்ந்தெடுக்கும் பெயர்), சர்வரின் போர்ட் எண் (பெரும்பாலும் 2101).

துல்லியம்: ஒற்றை பேஸின் திருத்தம் என்றால், அந்த பேஸிலிருந்து 10 கி.மீ. தள்ளினால் சுமார் 1 செ.மீ. பிழை கூடும். சொந்த பேஸில் வேறு வம்பு: முக்காலி பழைய புள்ளியில் இல்லாவிட்டால் ஃபிக்ஸ் காட்டியபடியே கோடுகள் மொத்தமாக நகரும்.

தென்னந்தோப்பில் கீற்று வானத்தை மறைத்தால் இரண்டுமே திணறும்.

வாடிப்பட்டி வயலில் டவர் நன்றாகக் கிடைத்தால் சிம் போதும். அழகர்மலை அடிவாரத்தில் போனே எடுக்கவில்லையென்றால் பேஸ்தான்.